கள்ள உழைப்பு

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் தையற்காரர் மிஷினைச் சட்டென்று நிறுத்தினார். வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குகிறவர் வீட்டில் தையல் மிஷின் ஓடுவது தெரிந்தால், தொகை அன்றோடு நின்றுவிடும். மனைவி பாய்ந்துபோய் மிஷின் மேல் போர்வையைப் போர்த்தினாள்.

வாசலில் ஒரு பெண்.

“பயப்படாதீங்கண்ணே, உதவித்தொகை ஆபீஸ்ல இருந்து வரலை. எங்க புரொபசர் பெரிய ஆராய்ச்சி பண்றார். உதவித்தொகை வாங்கறவங்க திருட்டுத்தனமா வேலை பார்க்கறாங்களான்னு.”

வேவு பார்க்க வருகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான் சொல்வார்கள்!

“சேச்சே! ஊசியைக் கண்ணால பார்த்தே வருஷமாச்சும்மா.”

“கழுத்துல டேப் தொங்குதே?”

தையற்காரர் டேப்பை அவசரமாக உருவினார். “அதுவா... பட்டினியில இடுப்பு எவ்வளவு இளைச்சிருக்குன்னு அளந்து பார்த்தேன்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்தவள் சிரிக்கவில்லை. ‘வேலை செய்யவில்லை’ என்று குறித்துக்கொண்டு, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன். ஆபீஸ்காரங்க யாராவது வந்தா, நான் இந்த வேலையா வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“ஏம்மா?”

“நானும் அந்தத் தொகை வாங்கறவதாண்ணே. புரொபசர் சம்பளத்தைக் கையில குடுத்துட்டு, வெளியில மூச்சு விடாதேன்னு சொல்லியிருக்கார்.”