உப்பு சரியா இருக்கா?

"எல்லாரும் போனை இந்த குக்கர்ல போடுங்க! சினிமா விருது விழா முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. போன வருஷம் இந்தக் குட்டி போனை நோண்டிப் பார்த்து, டிவில வர்றதுக்கு முன்னாடியே யார் ஜெயிச்சதுன்னு உளறிட்டான்."

மாடிவீட்டு மருந்துக்கடைக்காரர் காலி குக்கரை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார். 'குட்டி' என்று பெயர் வாங்கிய நண்பர், சோபாவில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உளறலைப்பா, ஆர்வத்துல வந்துடுச்சு" என்றபடி போனை உள்ளே போட்டார்.

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த டீச்சருக்கு அங்கே எல்லோரும் புதுமுகம். அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கணவன்தான். வீடு மாற்றுகிற அன்று பார்த்து, ஆபீஸ் வேலை என்று வெளியூர் கிளம்பிப் போன மனிதர். பெட்டிகளை ஒற்றை ஆளாக ஏற்றி இறக்கியது அவள். அன்றிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரில் வந்து நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம். போனின் வாயை அடைத்து குக்கருக்குள் போட்டாள்.

"இப்படி இவ பக்கத்துல உட்காருங்க டீச்சர்" என்று மருந்துக்கடைக்காரர் தன் மனைவியைக் காட்டினார். மனைவி முகம் மலரச் சிரித்து, நகர்ந்து இடம் கொடுத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

டீச்சர் வந்த நாளிலிருந்தே கவனித்த விஷயம்தான் இது. மாடியிலிருந்து எப்போதும் அவர் குரல் ஒன்றுதான் கேட்கும். "காபி போடட்டுமா?" "கதவைச் சாத்திக்கோ, வரட்டுமா?" பதில் வந்ததே இல்லை.

அவர் பாப்கார்ன் கிண்ணத்தை மனைவியிடம் நீட்டினார். "உப்பு சரியா இருக்கா?"

அவள் ஒன்றை மென்றுவிட்டு, கண்ணைச் சுழற்றி, கையை 'ஏதோ' என்று ஆட்டினாள்.

"வாயைத் திறந்துதான் சொல்லேன்மா!"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முடியாது என்று விரலை ஆட்டினாள்.

"விடுப்பா, அண்ணி பிடிச்ச பிடியை விட மாட்டாங்க" என்றார் குட்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

டீச்சருக்குக் கூசியது. இது சிரிக்கிற விஷயமா? அடுத்த கிண்ணம் பொரிக்க அவர் சமையலறைக்குப் போனதும், உதவுகிற சாக்கில் பின்னாலேயே போனாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எவ்வளவு நாளா பேசாம இருக்காங்க?"

"ஒரு மாசம் ஆகப்போகுது டீச்சர்."

"தப்பு உங்க மேலயா?"

அவர் அடுப்பைத் தணித்தார். "என் மேலயும்தான். ஆரம்பத்துலயே நான் கவனிச்சிருக்கணும். எப்பவும் போலத்தானேன்னு விட்டுட்டேன்." பாத்திரத்தை ஒரு தரம் குலுக்கினார். "திட்டினாக்கூடப் போதும் டீச்சர். வீடே வெறிச்சுன்னு கிடக்கு. இன்னிக்காவது பேசிடுவாள்னுதான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன்."

முகத்தைத் திருப்பிக்கொண்டு பாப்கார்னில் உப்பை அள்ளிப் போட்டார். சற்று முன்தான் ஒரு தடவை போட்டிருந்தார். டீச்சர் பார்த்தாள், சொல்ல மனம் வரவில்லை.

திரும்பி வந்து அந்த மனைவியின் காதில் கிசுகிசுத்தாள். "அக்கா, போதும். மன்னிச்சுடுங்க. மனுஷர் ரொம்ப நொந்து போயிருக்கார்."

அவள் திகைத்துப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

என்ன கல்நெஞ்சு! டீச்சருக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில், குக்கருக்குள் கிடந்த தன் போனின் ஞாபகமும் வந்தது. டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சிறந்த நடிகை! எல்லாரும் வாயை மூடுங்க!" என்று கத்தினார் குட்டி.

திரையில் படத்தின் ஒரு காட்சி ஓடியது. மழையில் நின்றபடி கதாநாயகி சொன்னாள்: "நீ மெதுவா வா. எவ்வளவு நேரமானாலும் நான் இங்கேயேதான் இருப்பேன்." கேட்டவர் நெஞ்சைத் தடவிக்கொடுக்கிற குரல். டீச்சருக்கே கண் கலங்கியது.

அந்தக் கதாநாயகிக்குத்தான் விருது. அறையே எழுந்து குதித்தது. ஆனால் ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த மனைவியைக் கட்டிக்கொண்டார்கள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

மேடையில் கதாநாயகி மைக்கைப் பிடித்தாள். வந்தது கரகரத்த குரல், தட்டுத்தடுமாறும் உச்சரிப்பு. "நீங்க பார்த்த முகம்தான் என்னோடது. கேட்ட குரல், எனக்காகப் பேசின அக்காவோடது. தொண்டையில ஆபரேஷன் பண்ணி ஒரு மாசமா அவங்க பேசக்கூடாதுன்னு இருந்தது. அந்தக் கெடு இன்னிக்கு முடியுது. அக்கா, டிவி பார்த்துட்டிருப்பீங்க. நான் நிறுத்திக்கறேன். இனி நீங்க பேசுங்க."

யாரோ டிவியின் சத்தத்தை நிறுத்தினார்கள். அந்த மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். கிண்ணமும் கையுமாக நின்றிருந்த கணவனை நிமிர்ந்து பார்த்து, ஒரு பாப்கார்னை எடுத்து வாயில் போட்டாள்.

"உப்பு ரொம்ப ஜாஸ்திங்க."

லேசாகக் கீறல் விழுந்திருந்தது. ஆனாலும் மழையில் நின்று பேசிய அதே குரல்.

அவர் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதார். டீச்சர் எழுந்து போய் குக்கருக்குள் கைவிட்டுத் தன் போனைத் தேடியதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பக்கம் தயக்கமாய் ஒரு "ஹலோ" கேட்டதும், அவள் சேர்த்து வைத்திருந்த சண்டையில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.