ரப்பர் அரிவாள்

எந்தக் காதலையும் எந்தப் பெற்றோரும் எதிர்க்காத காலம் அது. ஆகவே, ஓடிப்போய்த்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று ஆசைப்பட்டவர்கள், துரத்துவதற்கு ஆள் அமர்த்த வேண்டியிருந்தது. அந்தமான் தீவொன்றில் அதற்கென்றே ஒரு நிறுவனம் இருந்தது. காட்டுவழி, துடுப்புப் படகு, அரிவாளோடு விரட்டி வரும் தகப்பன் எல்லாமே அவர்கள் ஏற்பாடு.

மாசிலாமணியின் மகள் பூவிழி மட்டும் வாடகைத் தகப்பன் வேண்டாம், சொந்தத் தகப்பனே விரட்டி வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

“அன்வரைப் பத்திச் சொன்னப்போ, ‘சந்தோஷம்மா’ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டீங்க. ஒரு தடவையாவது என்னைப் போகாதேன்னு சொல்லுங்கப்பா!”

தாயில்லாமல் தாமே வளர்த்த பெண்ணின் சொல்லை மாசிலாமணியால் தட்ட முடியவில்லை. ரப்பர் அரிவாளை வாங்கிக்கொண்டார். ஒத்திகையில் அவர் போட்ட அதட்டலைக் கேட்டு அன்வர் விழுந்து விழுந்து சிரித்தான்.

“மாமா, பஸ்ஸை நிறுத்தற மாதிரி இருக்கு. கொஞ்சம் கோவமாக் கத்துங்க!”

மறுநாள் காலை இருவரையும் ஏற்றிக்கொண்டு படகு கிளம்பியது. மாசிலாமணி மணலில் ஓடி வந்தார். கரைக்கும் படகுக்கும் நடுவே நீர் அகலமாவதைக் கண்டதும் அரிவாள் கைநழுவி விழுந்தது. சொல்லிக்கொடுத்த வசனம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“போகாதம்மா! அந்த வீட்டுல நான் மட்டும் என்ன பண்ணுவேன்?”

பூவிழி கடலில் குதித்து, இடுப்பளவு நீரில் நடந்து வந்தாள்.

“அப்பா, இதுவும் நடிப்பா?”

“நடிப்புதான். நல்லா இருந்துச்சா?” என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அவருடைய கையைப் பற்றிப் படகை நோக்கி இழுத்தாள்.

“வாங்க, ஏறுங்க. மூணு பேருமா ஓடிப்போவோம்.”

துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அன்வர் மாமனாருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.