கப்பலோடு ஒரு படம்

விமானம் தாமதமாகக் கிளம்பியதால், செல்லத்துரையும் அவர் மனைவி தங்கபுஷ்பமும் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவர்கள் ஏறவேண்டிய உல்லாசக் கப்பல் கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து கிளம்பிய முதல் பயணம். செல்லத்துரை பயண இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"கவலைப்படாதீங்க சார், உங்க பாலிசியில இதுக்கு இடமிருக்கு," என்றாள் அங்கே பேசிய பெண். "நீங்க துறைமுகம் வரைக்கும் வந்ததுக்கு அத்தாட்சி வேணும். பின்னாடி கப்பல் தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

போட்டோ என்றதும் தங்கபுஷ்பம் பெட்டியைத் திறந்தாள். "இந்தக் கோலத்துலயா எடுக்கப் போறீங்க? கொஞ்சம் பொறுங்க." கப்பலில் முதல் நாள் விருந்துக்கென்று வைத்திருந்த பச்சைப் பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனாள். செல்லத்துரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார்.

அவள் கொசுவத்தை நீவியபடி வந்து, தூரத்தில் போய்க்கொண்டிருந்த கப்பலுக்கு முதுகு காட்டி, கடலோரக் கம்பியில் சாய்ந்து நின்றாள். "சிரிக்கவா, வேண்டாமா?" என்றாள். கேட்கும்போதே சிரித்துவிட்டாள். அவர் எடுத்தார். உடனே அனுப்பினார்.

சற்று நேரத்தில் போன் வந்தது. "சார், இதுல கப்பலே இல்லையே!"

"நல்லாப் பாரும்மா," என்றவர் தானும் படத்தைத் திறந்து பார்த்தார். திரை முழுக்கப் பச்சைப் பட்டும் அந்தச் சிரிப்பும்தான் இருந்தன.

"என்னவாம்?" என்றாள் தங்கபுஷ்பம்.

"படம் நல்லா வந்திருக்காம்."