பின்னால் யாருமில்லை

பனிவண்டிப் பாதையில் விதி எளிது. பின்னால் எத்தனை வண்டி வருகிறதோ அத்தனை விரலைக் காட்ட வேண்டும். யாரும் வராவிட்டால் விரல்களை மடக்கிக் கைமுட்டியைக் காட்ட வேண்டும். மனிதர் வாய்ச்சொல்லை நம்பிப் பாதையோரத் தங்குகுடிலின் கதவைத் திறந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது கதவே பார்த்து முடிவெடுக்கும்.

தர்மினி ஒற்றை விரலைத்தான் நீட்டினாள். ஆனால், கை முழுவதையும் மூட்டையாய்ப் பொதிந்திருந்த கம்பளி உறைக்குள். முட்டியென்று கண்ட கதவு, அவள் உள்ளே நுழைந்ததும் அடைத்துக்கொண்டது.

"இஞ்சாரும், நான் வெளியில நிக்கிறன்! விறைக்குது!" கணவன் கிருபாகரன் கதவில் அடித்தான்.

"பின்னால் யாருமில்லை," என்றது கதவு. "இல்லாதவர் சத்தமிடுவது விதிமீறல்."

"ஐயோ, அது என்ர மனுசன்!" தர்மினி உறையைக் கழற்றி எறிந்து விரலைக் காட்டினாள்.

"வெறுங்கையுடன் பாதைக்கு வருவது பொறுப்பின்மை. உறையை அணிந்துகொண்டு விரலைக் காட்டவும்."