கடல் விடுப்பு

ஓய்வில் படிக்கும் புத்தகங்களை வைத்துத்தான் ஒருவருக்கு வேலை பிடித்திருக்கிறதா என்று நிறுவனங்கள் முடிவுசெய்தன. பூங்கோதையின் அலுவலகத்தில் கடல் கதை படித்தால், ஓடிப்போகப் பார்க்கிறாள் என்று பொருள். பதவி உயர்வு போய்விடும். கணவன் வளவனின் அலுவலகத்தில் அந்தக் கெடுபிடி இல்லை. அதனால் அவனே கடல் கதைகளைத் தன் பெயரில் எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டுவான். அவள் அவன் மடியில் கண்மூடிக் கேட்பாள். அறைக்குள் மெல்ல அலை வரும்.

திடீரென்று அவன் அலுவலகம், "கடலுக்கு ஏங்குகிறீர்கள்" என்று விடுப்பு கொடுத்து அவனை மட்டும் கடற்கரைக்கு அனுப்பிவைத்தது.

வேலைக்கு நடுவே பூங்கோதை அவனை அழைத்தாள்.

"கடல் எப்படிங்க இருக்கு?"

"இன்னும் பாக்கல கோதை. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ சொல்லு, நான் கேக்கறேன்."