இருபத்தொரு வளையல்

கர்ப்பிணிகளைக் கண்காணிக்கும் கருவி, லட்சக்கணக்கான பிரசவங்களை அலசி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது: கை நிறைய வளையல் போட்டவர்களுக்குப் பிரசவம் நல்லபடியாக நடக்கிறது. அன்றிலிருந்து சுகாதாரத் துறையே வீடு வீடாக வளையல் கொடுக்க ஆரம்பித்தது.

நர்ஸ் தமயந்தி பதினேழாவது மாடிக்குப் போனாள். அங்கே நிறைமதிக்கு எட்டாவது மாதம். காதல் கல்யாணம் என்பதால் இரண்டு வீட்டாரும் எட்டிப் பார்க்கவில்லை. கணவனுக்குக் கப்பலில் வேலை. தமயந்தி அவள் கையில் இருபத்தொரு வளையலையும் அடுக்கியதும் சுவரிலிருந்த கருவியின் விளக்கு பச்சையானது.

“ஆபத்து இல்லை. இனி நர்ஸ் வர வேண்டாம்” என்றது கருவி.

நிறைமதியின் முகம் வாடியது. “இனிமே வரமாட்டீங்களாக்கா?”

தமயந்திக்குச் சிரிப்புதான் வந்தது. எத்தனை வளைகாப்பு பார்த்தவள் அவள்! வளையல் போட வந்த பெண்கள்தான் வலி எடுத்த அன்றைக்கும் ஓடி வந்து நிற்பார்கள். போட்டுவிட்டது யாரென்று இந்தக் கருவி ஒரு நாளும் கேட்டதில்லை.

“கையை நீட்டு” என்று ஒன்று விடாமல் கழற்றினாள். விளக்கு சிவந்தது.

“ஆபத்து. நர்ஸ் தினமும் வர வேண்டும்.”

“கேட்டியா? நாளைக்கு அஞ்சு வகைச் சாதத்தோட வரேன். பிரசவம் ஆகுற வரைக்கும் வளையலை மட்டும் போட்டுடாதே!”