பன்னிரண்டு வண்டிகளும் ஒரே இடத்தில்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் வண்டி வைத்துப் பனி அள்ளும் தொழில் செய்யும் வெண்டெலுக்கு அந்த இலையுதிர்காலத்தில் ஒரே வெறிதான் இருந்தது. தன்னோடு சண்டை போட்டுப் பிரிந்துபோன பழைய தொழில் கூட்டாளி ரஸ், ஊரின் பெரிய வணிக வளாகத்தின் ஒப்பந்தத்தை வாங்கிவிடக் கூடாது.

"ஒரு வாரமா ரஸ்ஸோட வண்டிங்க எல்லாம் வளாகத்து வாசல்லதான் நிக்குது, பாஸ்," என்றாள் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் டோரிஸ்.

"நிக்கட்டும். படையைச் சிதற விடாம ஒரே இடத்துல குவிச்சு அடிக்கணும்னு ராணுவத்துல படிச்சவன் நான். நம்ம பன்னிரண்டு வண்டியும் வளாகத்துக்குத்தான். வீடு, கடையெல்லாம் விட்டுடு."

"இருபது வருஷ வாடிக்கை, பாஸ்."

"போகட்டும். அவன் மண்ணைக் கவ்வுறதை நான் பார்க்கணும்."

எத்தனை முறை பனி கொட்டினாலும் குளிர்காலம் முழுவதற்கும் ஒரே தொகை என்பது வளாகத்தின் நிபந்தனை. அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்து வெண்டெல் ஒப்பந்தத்தைப் பிடித்தான்.

அந்த வருடம் பனி நிற்கவே இல்லை. ஜனவரியில் டீசலுக்கே வழியில்லாமல் வளாகத்தின் மேலாளர் ஐரீனிடம் போய் நின்றான்.

"கொஞ்சம் ஏத்திக் கொடுங்க மேடம். ரஸ்ஸை முந்தணும்னுதான் அவ்வளவு குறைச்சேன்."

ஐரீன் நிமிர்ந்து பார்த்தாள். "ரஸ்ஸா? அவர் ஒப்பந்தத்துக்கு விலையே எழுதிக் கொடுக்கலையே. வண்டி நிறுத்த ஒரு வாரத்துக்கு இடம் கேட்டாரு, வாடகைக்கு விட்டோம். நீங்க வீடு, கடையெல்லாம் கைவிட்டப்புறம் எங்க வீட்டுத் தெரு முழுக்க அவர்தான் அள்றாரு. ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கூலி."